ஆச்சி, ஒங்க பேரு என்ன?

2018 அக்டோபர் மாதம். பள்ளிக்கூடம் விட்டதும் வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்கு இது பழகிய வேலை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. ஊரில் 'ஓட்டு டீச்சர்' என்றால்தான் தெரியும். பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6, இறந்தவர்களை நீக்கப் படிவம் 7, எழுத்துப் பிழை, முகவரிப் பிழைக்குப் படிவம் 8. பையில் மூன்று கட்டுகளும் இருக்கும்.

வாய்க்கால் தெருவின் கடைசி வீட்டுத் திண்ணையில் ஒரு ஆச்சி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சுளகில் ஒரு பக்கம் புளி, மறுபக்கம் கொட்டை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஆச்சி, ஒங்க பேரு என்ன?"

"எம் பேரு எதுக்குட்டி? மூத்தவன் பேரச் சொல்லுதேன். அவன் அம்மான்னு எழுதிக்கோ."

அப்படியெல்லாம் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு, பட்டியலில் அந்த வீட்டு எண்ணில் இருந்த பெண் பெயரை வாசித்தேன். வயது 83. ஆச்சி தலையை ஆட்டினார். அப்புறம், புளியிலிருந்து கையை எடுக்காமலே, "அது எங்க மாமியா வச்ச பேரு" என்றார்.

கதை இதுதான். கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியாருக்கும் இவருக்கும் ஒரே பெயர். மருமகளை ஏச வேண்டுமென்றால் தன் பெயரையே சொல்லி ஏச முடியுமா? வந்த மூன்றாம் நாளே வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர்தான் ரேஷன் கார்டில் ஏறியது, பட்டியலில் ஏறியது, ஆதாரிலும் ஏறியது. மாமியார் இறந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. பெயர் திரும்பி வரவில்லை.

"அப்ப ஒங்க அம்மா அப்பா வச்ச பேரு?"

ஆச்சி வீட்டுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து சொன்னார். ஒரு பூவின் பெயர். அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயரைக் கேட்டுத் தெருத் தெருவாக நடக்கும் இந்த வேலை எப்படித் தொடங்கியது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். 28 லட்சம் என்ற ஒரு எண்ணும் தெரியும்.

சுதந்திரம் வந்த சூட்டோடு, 1948-லேயே வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் வேலை ஆரம்பித்துவிட்டது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. ஆண், பெண், நிலம் உள்ளவர், இல்லாதவர், படித்தவர், படிக்காதவர் என்ற பேச்சே கிடையாது. இத்தனை பேரை இந்த நாடு அதற்கு முன்னால் ஒரு வாக்காளர் பட்டியலில் எழுதியதே இல்லை. வீடு வீடாகப் போன கணக்கெடுப்பாளர்களிடம் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள், இன்னாருடைய அம்மா என்றார்கள். போனவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்று தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் சுகுமார் சென். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று ஆணையம் உறுதியாக நின்றது. திரும்பப் போய்க் கேட்டு எழுதுங்கள் என்றது. அப்படியும் எல்லாப் பெயர்களும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய 8 கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் பிகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில். 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த அந்த முதல் பொதுத்தேர்தலை இந்தப் பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

அந்த முடிவு சரிதானா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பட்டியல் வேலை செய்கிறவள் என்ற முறையில் எனக்கு அது புரிகிறது. 'ராம்லாலின் மனைவி' என்று எழுதி வைத்தால் எந்த ராம்லால், எந்த மனைவி? யார் வேண்டுமானாலும் வந்து அந்த ஓட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். உரிமை ஒரு ஆளுக்கு என்றால் அந்த ஆளுக்கு ஒரு பெயர் வேண்டும். ஆணையம் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் அடுத்தடுத்த பட்டியல்களிலும் பெண்கள் 'இன்னார் மனைவி'யாகவே தொடர்ந்திருப்பார்கள். ஆனால் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது வீடு. தண்டனை அந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்ற கோரிக்கை முதலில் எழுந்த இடம் நம் மெட்ராஸ்தான். அதைப் பள்ளியில் நாம் சரியாகச் சொல்லித்தருவதில்லை. 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட் தலைவர். டோரதி ஜினராஜதாசா, மார்கரெட் கசின்ஸ் போன்றவர்கள் அதை ஓடியாடி நடத்தினார்கள். கசின்ஸ் அயர்லாந்துக்காரர், இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே பெண்களின் ஓட்டுரிமைக்காக லண்டனிலும் அயர்லாந்திலும் சிறைக்குப் போய் வந்தவர். அந்த வருடம் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்க இங்கே வருகிறார். பெண் கல்வி பற்றி அவரிடம் பேச நேரம் வேண்டும் என்று கசின்ஸ் எழுதிக் கேட்கிறார். அரசியல் தொடர்பான கோரிக்கைகளை மட்டுமே அமைச்சர் கேட்பார் என்று பதில் வருகிறது. சரி, அரசியலே பேசுவோம் என்று எழுதியதுதான் ஓட்டுரிமைக் கோரிக்கை. ஒரு கதவைச் சாத்தியதால் இன்னொரு கதவு திறந்தது.

1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு மெட்ராஸில் மாண்டேகுவைச் சந்தித்தது. அவர்கள் கேட்டதை இன்று வாசித்தால் ரொம்ப எளிமையாகத் தெரியும். ஓட்டுரிமை விதிகளை எழுதும்போது பெண்களையும் 'மக்கள்' என்று எண்ணுங்கள். அவ்வளவுதான். மக்கள் என்ற சொல்லுக்குள் தாங்களும் இருக்கிறோம் என்பதையே மனுப் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

கிடைக்கவில்லை. ஓட்டுரிமையை ஆராய்ந்த சவுத்பரோ குழு, பெண்களைத் திரைக்குப் பின்னால் வைக்கும் கோஷா முறை இருக்கும் நாட்டில் பெண்களுக்கு ஓட்டு என்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்றது. 1919-ல் சரோஜினி நாயுடுவும் அன்னி பெசன்டும் லண்டனில் பாராளுமன்றக் குழு முன் வாதாடினார்கள். பம்பாயிலிருந்து ஹீராபாய் டாட்டாவும் மகள் மிதனும் அதற்காகவே கப்பலேறிப் போனார்கள். கடைசியில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கை கழுவிக்கொண்டது: அந்தந்த மாகாணச் சட்டசபை விரும்பினால் பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கட்டும் என்று 1919 சட்டத்தில் விட்டுவிட்டார்கள். 1921-ல், நீதிக்கட்சி ஆட்சியில், சென்னைச் சட்டசபை பெண்களுக்கு ஓட்டு இல்லை என்ற தடையை நீக்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். எனக்கு இதைச் சொல்வதில் பெருமை உண்டு.

ஆனால் அந்த ஓட்டு சொத்தோடும் வரியோடும் கட்டிய ஓட்டு. நிலமும் வீடும் யார் பெயரில் இருந்தன? ஆயிரத்தில் எத்தனை பெண் பெயரில் பட்டா இருந்திருக்கும்? செங்கல்பட்டில் 1929-ல் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற சட்டத் திருத்தம் 1989-ல்தான் வந்தது. நடுவில் அறுபது வருடம். சட்டம் தடையை எடுத்துவிட்டது, பட்டா விடவில்லை.

சட்டசபைக்குள் உட்காரும் உரிமைக்கு இன்னும் ஐந்து வருடம் ஆனது. 1926-ல் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அதன்பின் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக வந்தார். சபை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. புதுக்கோட்டையில் பையன்களோடு ஒரே கல்லூரியில் படிக்க மகாராஜாவின் அனுமதி வாங்க வேண்டியிருந்த பெண், 1912-ல் டாக்டராகி, பதினைந்து வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காந்தி கைதான 1930-ல் அந்தப் பதவியை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தார்.

நான் அதிகம் யோசிப்பது 1930-களில் நடந்த சண்டையைப் பற்றி. அது வெள்ளைக்காரனோடு மட்டும் நடந்த சண்டை இல்லை, பெண்களுக்குள்ளேயே நடந்தது. அடுத்த சட்டத்தில் எந்தப் பெண்ணுக்கு ஓட்டு என்ற கேள்வி வந்தபோது பிரிட்டிஷார் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். சொத்துத் தகுதி உள்ள ஆணின் மனைவிக்கும் ஓட்டு. 'இன்னார் மனைவி' என்பதே தகுதி. பெண்கள் அமைப்புகள் கொதித்துப் போயின. கல்யாணமாகாதவள் என்ன செய்வாள்? எனக்கு ஓட்டு நான் ஒரு மனுஷி என்பதற்காக வேண்டும், ஒருவரைக் கட்டிக்கொண்டதற்காக வேண்டாம் என்றார்கள். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, சலுகை எதுவும் வேண்டாம் என்று 1931-லேயே மனுக் கொடுத்தார்கள். முத்துலட்சுமி ரெட்டியும் ராஜ்குமாரி அம்ரித் கௌரும் லண்டன் போய்ச் சாட்சி சொன்னார்கள்.

மறுபக்கம் ராதாபாய் சுப்பராயன் இருந்தார். குமாரமங்கலம் ஜமீன் வீட்டு மருமகள், முதல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இரண்டு பெண்களில் ஒருவர், 1932-ல் ஓட்டுரிமையை ஆராய்ந்த லோதியன் குழுவின் உறுப்பினர். முழுசும் கிடைக்கும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும், கிடைக்கிற வழியில் பெண்கள் உள்ளே வரட்டும், தனி இடம் ஒதுக்கினாலும் சரி என்பது அவருடைய நிலை. சின்ன வயதில் எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. பத்து வருடம் கிராமத்து வாசல்களில் நின்ற பிறகு, கிடைக்கிறதை வாங்கிக்கொண்டு மீதிக்குச் சண்டை போடுவதும் ஒரு வழிதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் முத்துலட்சுமி பக்கம்தான் நான் நிற்பேன்.

1935 சட்டம் மனைவி என்ற தகுதியோடுதான் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 60 லட்சம் பெண்கள் ஓட்டுரிமை பெற்றார்கள். இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1935-ல் 'இன்னார் மனைவி' என்ற இரண்டு சொல் ஒரு பெண்ணுக்கு ஓட்டு வாங்கித் தந்தது. பதினாறு வருடம் கழித்து அதே இரண்டு சொல் 28 லட்சம் பெண்களின் ஓட்டைத் தின்றுவிட்டது. அந்தப் பெண்களுக்கு இதை யார் போய் விளக்கியிருப்பார்கள்?

நம் பக்கத்து வழக்கம் கொஞ்சம் வேறு. இங்கே பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள், கணவன் பெயரைத்தான் சொல்ல மாட்டார்கள். படிவத்தில் அந்தக் கட்டம் வந்ததும், "ஏல, ஒங்க அப்பா பேரச் சொல்லு" என்று உள்ளே பிள்ளைக்குக் குரல் போகும். வாய்க்கால் தெரு ஆச்சியிடம் மறுபடி போனபோதும் அதே கதைதான். தாத்தா இறந்து பல வருடம். பேரன் டியூஷன் முடிந்து வரும்வரை காத்திருந்து அவன் வாயால் சொல்ல வைத்தார்.

அப்போதுதான் முதல் ஓட்டைப் பற்றிக் கேட்டேன். 1957. அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். சீட்டில் முத்திரை குத்தும் வேலையெல்லாம் இல்லை. மறைப்புக்குள் போய் வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும்.

"தாத்தா சொல்லித்தான் விட்டாக. எரட்டக் காளைல போடுன்னு." அன்று அது காங்கிரஸ் சின்னம்.

"போட்டீங்களா?"

ஆச்சி சிரித்தார். "அதச் சொல்லக் கூடாதுல்லா."

"அறுபது வருசம் ஆச்சே ஆச்சி. தாத்தாவும் இல்ல."

"இல்லாட்டி என்ன? உள்ள ஒரு அம்மா இருந்தாக, விரல்ல மை வச்சாக. யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னாக. புருசன்ட்டயும் சொல்லாண்டாமான்னு கேட்டேன். வேண்டாம்னாக."

இதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். காசு எங்கே வைத்திருக்கிறாய், யாரோடு பேசினாய், ஏன் நேரமாயிற்று என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியே வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு, பதில் சொல்ல வேண்டாத ஒரு காரியத்தைச் சட்டம் கொடுத்தது. நாலு அடிக்கு நாலு அடி மறைப்பு. அதற்குள் ஒரு நிமிஷம் அவள் யாருடைய மனைவியும் இல்லை. சுதந்திரம் என்ற சொல்லை எனக்கு யாராவது விளக்கச் சொன்னால் அந்த மறைப்பைத்தான் காட்டுவேன்.

எழுந்து கிளம்பும்போது ஆச்சி கேட்டார்: "அந்தப் பூப் பேரு திரும்ப வருமா?"

எட்டாம் படிவம் இருக்கிறது, ஆனால் சான்று வேண்டும். ஆதாரிலேயே மாமியார் வைத்த பெயர்தானே. ஐந்தாம் வகுப்பு வரை பிறந்த ஊரில் மிஷன் பள்ளியில் படித்தேன் என்றார். ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். தலைமை ஆசிரியர் தங்கமான மனிதர். பீரோவின் அடித்தட்டிலிருந்து சிவப்புத் துணி ஒட்டிய பழைய சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கித் தந்தார். ஓரங்களைச் செல் அரித்திருந்தது. 1941. நீல மை பழுப்பாகிப் போயிருந்தாலும் எழுத்து முத்து முத்தாக இருந்தது. வரிசை எண், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், தொழில் விவசாயம். நடுவில் அந்தப் பூவின் பெயர்.

ஆச்சியின் மூத்த மகன் பயந்தார். ஆதாரில் ஒரு பேரு, ஓட்டுல ஒரு பேருன்னா முதியோர் பென்சன் நின்னுடாதா டீச்சர் என்றார். அவர் பயம் நியாயமானது. மாதாமாதம் வரும் அந்த ஆயிரம் ரூபாய் ஆச்சியின் மருந்துக் காசு. அதைத் தொட வேண்டாம், பாங்கியிலும் கார்டிலும் இருக்கிற பேரு இருக்கட்டும் என்று ஆச்சியே முடிவு சொன்னார். "ஓட்டு மட்டும் எம் பேர்ல கெடக்கட்டும்." விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைந்தேன். மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார்கள்.

2019 ஜனவரி கடைசியில் இறுதிப் பட்டியல் வந்தது. ஆச்சி வீட்டுக்குத்தான் முதலில் போனேன். புகைப்படத்தின் பக்கத்தில் இருந்த பெயரில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். கீழே கணவர் பெயரை வாசிக்கவில்லை, விரலை மட்டும் அந்த வரியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

இன்று தமிழ்நாட்டுப் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். 2021-ல் சட்டமன்றத்துக்கு ஜெயித்துப் போன பெண்கள் 234-ல் 12 பேர். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனபின்னும், எங்கள் பக்கத்தில் ஊராட்சித் தலைவி வீட்டுக்குப் போனால் 'தலைவர் இல்லையா' என்று அவர் கணவரைத்தான் தேடுகிறார்கள். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்ற திருத்தம் 2023-ல் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு வந்தது. இந்தக் காத்திருப்பு எனக்கு முத்துலட்சுமியையும் ராதாபாயையும் ஒரே நேரத்தில் ஞாபகப்படுத்துகிறது.

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. வாக்குச்சாவடி எங்கள் பள்ளிக்கூடம்தான். வாசலில் மேஜை போட்டு வரிசை எண் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. காலை எட்டு மணிக்கெல்லாம் ஆச்சி வந்துவிட்டார். வெளுத்துக் கட்டிய சேலை, பேரன் கையில் குடை. படியேற நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார்.

உள்ளே நுழைந்ததும் முதலாம் வாக்குப்பதிவு அலுவலர், வாக்காளரின் வரிசை எண்ணையும் பெயரையும் ஏஜென்டுகளுக்குக் கேட்கும்படி உரக்க வாசிக்க வேண்டும். அது விதி. நாள் முழுக்க வாசித்து வாசித்து அவர்களுக்கே அலுத்துப்போகும். நான் ஜன்னல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த அலுவலர் வெளியூர்க்காரர், இளைஞர். எண்ணைச் சொல்லிவிட்டு அந்தப் பூவின் பெயரைத் தெளிவாக, சத்தமாக வாசித்தார்.

உள்ளேயிருந்து ஆச்சியின் குரல் கேட்டது.

"உள்ளேன் ஐயா."